ஒரே சட்டி, விறகுத் தீ, கடற்காற்று: நால்வருக்கு என்ன சமைக்கலாம்?

மூன்றாம் கியர் (வெள்ளி, இரவு 9.10)

வணக்கம். மதுரையிலிருந்து நாங்கள் நான்கு பேர், தை மாதக் கடைசியில் சைக்கிளில் கிளம்புகிறோம். தேவிபட்டினத்தில் தொடங்கி உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி வரை. முதல் இரவு அரியமான் பக்கம், நண்பனின் மாமனாருக்குச் சொந்தமான தென்னந்தோப்பில் தங்கல். இரண்டாம் இரவு தனுஷ்கோடி மணலிலேயே கூடாரம் அடிக்கலாம் என்று எண்ணம்.

சமையலுக்கு ஒரே ஓர் இரும்புச் சட்டி. பன்னிரண்டு அங்குல வாய், இரண்டு காது, மூடி கிடையாது. மூட்டை முழுவதும் என் வண்டியில் என்பதால் இன்னொரு பாத்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்டவ்வும் இல்லை, விறகுதான்.

சென்ற ஆண்டு இதே சட்டியோடு வேறொரு கடற்கரையில் தக்காளிச் சோறு ஆக்கினேன். அடியில் கரி, நடுவில் சோறு, மேலே அரிசி. மூன்றிலும் மணல். நண்பர்கள் இன்றுவரை என்னை 'மூவண்ணச் சமையல்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த முறை மானம் காக்க வேண்டும். எளிதாக, ஒரே சட்டியில் முடிகிற ஓர் உணவைச் சொல்லுங்கள். மீனோ இறாலோ சேர்ந்தால் நல்லது. எங்களில் ஒருவன் காரம் தாங்கமாட்டான்.

சும்மா வாசிப்பவன் (வெள்ளி, இரவு 9.18)

ரொட்டியும் முட்டையும். இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

மூன்றாம் கியர் (வெள்ளி, இரவு 9.21)

நாற்பது கிலோமீட்டர் எதிர்காற்றில் மிதித்த பிறகு முட்டையா? என்னைச் சட்டியிலேயே போட்டுவிடுவார்கள்.

பரமக்குடி மிளகாய் (வெள்ளி, இரவு 9.40)

பருப்புச் சோறு போடுங்கள். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகப் போட்டு, வெங்காயம், தக்காளி, நாலைந்து வற்றல். கெட்டுப்போகிற சாமான் எதுவும் சுமக்க வேண்டாம். கடைசியில் நெய். இதைவிட எளிது எதுவுமில்லை.

வத்தைக்காரன் மகன் (வெள்ளி, இரவு 10.05)

பருப்பு வேண்டாம். எங்கள் கரையில் அடிகுழாயிலும் கிணற்றிலும் வருவது பெரும்பாலும் உவர்நீர். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு விடிய விடியக் கொதித்தாலும் குழையாது. குக்கரில் வேகிறதே என்பீர்கள், குக்கர் எங்கே இருக்கிறது? இராமநாதபுரத்தைத் தண்ணீரில்லாக் காடு என்று ஊரார் சொல்வதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் சமையல் தண்ணீரை ராமநாதபுரத்திலேயே கேனில் வாங்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். குடிக்க, சமைக்க, தீயை அணைக்க, எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுங்கள். கை கழுவக் கடல் இருக்கிறது.

கரிமூட்டம் (வெள்ளி, இரவு 11.30)

சமையல் குறிப்பைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். தம்பி, சென்ற ஆண்டு உங்கள் சோற்றைக் கெடுத்தது அவசரம். தீ கொழுந்துவிட்டு எரியும்போதே சட்டியை ஏற்றியிருப்பீர்கள். கடற்கரையில் கொழுந்து நேராக நிற்காது. காற்றுக்குச் சாய்ந்து சட்டியின் ஒரு கன்னத்தை மட்டும் நக்கும். அந்தப் பக்கம் கரியும் எதிர்ப் பக்கம் அரிசியுமாகத்தான் வரும்.

என் தகப்பனார் முப்பது ஆண்டு கரிமூட்டம் போட்டவர், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுட்டுக் கரியாக்குகிற தொழில். சீமைக்கருவேலத்தை ஊரே திட்டுகிறது, நானும் திட்டுகிறேன், ஆனால் அடுப்பில் வைத்தால் வாயை மூடிக்கொள்வேன். கனமான விறகு, நின்று எரியும், கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்கும். ஏழெட்டுக் கிலோ வாங்கினால் ஒரு வேளைக்குத் தாராளம். நீங்களே வெட்டப் போகாதீர்கள், உங்கள் டயரை அந்த முள் கவனித்துக்கொள்ளும். பற்றவைக்கத் தோப்பிலேயே எல்லாம் கிடைக்கும்: காய்ந்த பாளை, பன்னாடை, சிரட்டை. ஒரு சிரட்டை பிடித்துவிட்டால் மண்ணெண்ணெய் கேட்காது.

அடுப்பு இப்படி. முழங்கை நீளத்துக்கு, ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் தோண்டுங்கள். காய்ந்த மணல் சரியும், ஆகவே தண்ணீர் தெளித்து இருபுறமும் செங்கல் நிறுத்துங்கள். சட்டி செங்கல் மேல் உட்காரும். ஒரு முனையில் தீ வளரட்டும், மறு முனை சட்டிக்கு. தீ முனையில் விழுகிற கங்கை ஒரு கம்பால் சட்டிக்கு அடியில் இழுத்துவிடுவதும், கூடிப்போனால் வெளியே தள்ளுவதும்தான் உங்கள் வேலை. சட்டிக்கு அடியில் விறகே போகக்கூடாது. காற்று மெல்லியதாக இருந்தால் வாய்க்காலின் வாய் காற்றைப் பார்க்கட்டும். வலுத்தால் வாயைத் திருப்பிவிட்டு, காற்று வரும் பக்கம் மணலைக் கரைபோல் உயர்த்துங்கள். அடுப்பைச் சுற்றி நனைத்த சாக்கு இரண்டை விரித்தால் சோற்றில் மணல் விழாது. உங்கள் மூன்றாவது வண்ணத்துக்கு அதுதான் மருந்து.

பற்றவைத்ததிலிருந்து கங்கு சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை வெங்காயம் உரியுங்கள், மீன் ஆயுங்கள், சண்டை போடுங்கள், சட்டியை மட்டும் தொடாதீர்கள். சூடு பார்க்கக் கங்குக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். மூன்றுக்குள் கை தானாக விலகினால் வதக்குகிற சூடு. ஆறு வரை தாங்கினால் சோற்றுக்கு ஏற்ற சூடு. பத்து எண்ணியும் கை சும்மா இருந்தால் இன்னும் கங்கு இழுக்க வேண்டும்.

இன்னொன்று. சட்டியின் வெளிப்புறம் முழுக்க ஈரச் சாம்பலோ களிமண்ணோ பூசிவிட்டு ஏற்றுங்கள். கல்யாண வீட்டில் அண்டாவுக்குச் செய்வதுதான். கழுவும்போது கரி பூச்சோடு உரிந்துவிடும். பூசாமல் விட்டால் மறுநாள் உங்கள் சட்டை, கூடாரம், பிஸ்கட் எல்லாம் கரியாகும்.

மூன்றாம் கியர் (சனி, காலை 6.50)

அண்ணே, இதற்குத்தான் இழை தொடங்கினேன். இரண்டு ஐயங்கள். செங்கல் கிடைக்காவிட்டால் கரையில் கிடக்கும் கல்லை வைக்கலாமா? விறகு போதாவிட்டால் கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளை எரிக்கலாமா?

உப்புக்கணக்கு (சனி, காலை 7.35)

இரண்டுக்கும் வேண்டாம் என்பதே விடை. வேதியியல் ஆசிரியர் என்ற முறையில் காரணத்தையும் சொல்லாமல் விடமாட்டேன்.

அந்தக் கரையில் கிடக்கும் கல்லில் பெரும்பகுதி பழைய பவளம், அதாவது சுண்ணாம்புக் கல். உள்ளே பொந்து பொந்தாக இருக்கும், பொந்தில் நீர் இருக்கும். சூடேறினால் நீராவி வெளியே வர வழி தேடும், கல் வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். பவளத்தைக் கரையிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது தனி.

கடலில் ஊறிய மரத்தில் உப்பு ஏறியிருக்கும். உப்பில் குளோரின் உண்டு. அது மரத்தோடு எரியும்போது உண்டாகும் புகையில் டையாக்சின் போன்ற நஞ்சுகள் வரும். அதிலும் நீலமும் பச்சையுமாக வண்ணம் ஒட்டியிருந்தால் அது உடைந்த படகின் பலகை. அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசுகிற வண்ணத்தில் செம்புச் சேர்மங்கள் இருக்கும். அந்தப் புகை உங்கள் சோற்றுக்குள் போக வேண்டுமா?

இரும்புச் சட்டி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புளி ஊற்றி நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள். புளியின் அமிலம் இரும்பைக் கரைக்கும், குழம்பு கறுத்து நாக்கில் ஆணி சப்பிய சுவை வரும். தக்காளி பரவாயில்லை, புளிக்குழம்பு வேண்டாம்.

கீழக்கரை மருமகள் (சனி, பகல் 11.15)

அடுப்பு தயாராகிவிட்டது, இனி நான் பேசலாம் அல்லவா?

தம்பி, எங்கள் மாமி ஏர்வாடிக்குப் போகும் வழியில் வேனை ஓரமாக நிறுத்தி, மரத்தடியில் விறகு மூட்டி, ஒரே சட்டியில் இறால் சோறு ஆக்குவார். பதினோரு பேர் சாப்பிட்டிருக்கிறோம். உங்கள் சட்டிக்கும் நால்வர் பசிக்கும் ஏற்றபடி அளவைக் குறைத்துச் சொல்கிறேன்.

சீரகச் சம்பா மூன்று டம்ளர், அரை மணி நேரம் ஊற வேண்டும். உரித்த இறால் அரை கிலோ, மஞ்சளும் உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் பிசறி வையுங்கள். சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, தக்காளி மூன்று. இஞ்சியையும் பூண்டையும் வீட்டிலேயே இடித்து, கிளம்புகிற அன்று காலையில் சிறு புட்டியில் அடைத்துக்கொள்ளுங்கள். பட்டை, ஏலம், கிடைத்தால் விரல் நீளத்துக்கு ரம்பை இலை. தோப்பில் தேங்காய்க்குக் குறைவிருக்காது. அரிவாள்மணையைக் கேட்டு வாங்கித் துருவுங்கள், வெதுவெதுப்பான நீர் தெளித்துத் துணியில் பிழிந்து ஒரு டம்ளர் முதல் பால் எடுங்கள். மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிந்து ஐந்து டம்ளர் இரண்டாம் பால்.

கரிமூட்டம் காக்கா (எங்கள் வழக்கில் அண்ணன்) சொன்ன 'மூன்றுக்குள் கை விலகும்' சூட்டில் எண்ணெய் ஊற்றி இறாலை மட்டும் இரண்டு நிமிடம் பிரட்டி வாழையிலையில் எடுத்துவிடுங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். அரிசியோடு இறாலையும் போட்டு வேகவிட்டால் அது ரப்பராகிவிடும். அதே எண்ணெயில் பட்டை, ஏலம், வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி என வரிசையாக வதக்குங்கள். தக்காளி கரைந்ததும் வடித்த அரிசியைப் போட்டு மெல்ல ஒரு புரட்டு. இரண்டாம் பால் ஐந்து டம்ளரும் ஊற்றி, உப்புப் பாருங்கள். பால் கொஞ்சம் கரித்தால்தான் சோறு சரியாக இருக்கும்.

பால் வற்றி அரிசியின் தலை தெரியும்போது கங்கை வெளியே தள்ளிவிடுங்கள், அடியில் இரண்டு கைப்பிடி இருந்தால் போதும். இறாலை மேலே பரப்பி, முதல் பாலைச் சுற்றி ஊற்றி, வாழையிலையால் மூடி, அதன்மேல் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் ஒரு கரண்டிக் கங்கு. பதினைந்து நிமிடம் யாரும் திறக்கக்கூடாது. முதல் பாலை முன்பே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரிந்துபோகும்.

ஒரே சட்டி என்றீர்கள், நானும் ஒரே சட்டியில்தான் முடித்திருக்கிறேன். தாம்பாளம் பாத்திரக் கணக்கில் வராது, அதில்தான் சாப்பிடப் போகிறீர்கள்.

சும்மா வாசிப்பவன் (சனி, பகல் 11.32)

சட்டி ஒன்று. தாம்பாளம், அரிவாள்மணை, துணி, பால் பிடிக்கக் கேன். நாளைக்கு ஆட்டுக்கல்லும் வரும்.

கீழக்கரை மருமகள் (சனி, பகல் 11.36)

ரொட்டியும் முட்டையும் சாப்பிடுகிறவர்கள் பேசக்கூடாது.

பரமக்குடி மிளகாய் (சனி, பகல் 12.20)

பருப்பில் தோற்றேன், மிளகாயில் தோற்கமாட்டேன். கீழக்கரை லாத்தா (அக்கா), மிளகாய்த்தூளை விட்டுவிட்டு முண்டு மிளகாய் போடச் சொல்லுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்க் குண்டு வற்றலை விட்டுவிட்டு இந்தக் கரையில் யாராவது தூள் போடுவார்களா? காரம் தாங்காத நண்பருக்கும் அதுவே வழி. ஐந்தாறு முண்டைக் காம்போடு, உடைக்காமல், எண்ணெயில் உப்பவிட்டு எடுத்துவிடுங்கள். வாசனை எண்ணெயில் இறங்கிவிடும், காரம் விதையோடு உள்ளேயே நிற்கும். காரம் வேண்டுகிறவர்கள் பொரித்த மிளகாயைத் தட்டில் நொறுக்கிக்கொள்ளட்டும்.

வத்தைக்காரன் மகன் (சனி, பிற்பகல் 3.45)

லாத்தாவின் சோற்றில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் சைக்கிளில் வருகிறவர்கள் இறாலை எங்கே வாங்கி, எத்தனை மணி நேரம் வெயிலில் சுமப்பார்கள்? காலையில் வாங்கினால் மாலைக்குள் நாறிவிடும். இதைத்தான் ஆக்கப் போகிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வராதீர்கள். மாலையில் எந்தக் கரையில் கரைவலை இழுக்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள், வலையில் வந்தது எதுவோ அதுதான் உங்கள் சமையல். நகரை வந்தால் அதிர்ஷ்டம், சதை மெத்தென்று இருக்கும், முள் தொல்லை குறைவு. விளமீனும் அப்படியே. கணவாய் வந்தால் இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் தீயில் வைக்காதீர்கள். தாண்டினால் தோல்செருப்பு, பிறகு முக்கால் மணி வேகவைத்தால்தான் மறுபடி இளகும். ஓரா வந்தால் முதுகு முள்ளில் கை வைக்காதீர்கள், குத்தினால் இரவு முழுவதும் கடுக்கும்.

தூண்டில் போடுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தொட்டால் பந்துபோல் வயிறு உப்புகிற பேத்தை வந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு எந்தத் தீயிலும் சாகாது.

மீனுக்கும் லாத்தா சொன்ன வழியே போதும். பெரிய துண்டாக நறுக்கி, மஞ்சள், உப்பு தடவி, சோற்றின் தலை தெரியும் நேரத்தில் மேலே அடுக்கி மூடுங்கள். ஆவியிலேயே வெந்துவிடும். கிளறினால் முள்ளெல்லாம் சோற்றில் கலந்துவிடும்.

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று சாது, மற்றது முரடு. ஆனால் தை மாதத்தில் அந்தக் கதை மாறும். அப்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்து வடகரையில்தான் மோதும். தென்கரை சும்மா கிடக்கும். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது இது தலைகீழ். நீங்கள் சொல்லும் அரியமான் வடகரை. ஆகவே நீர்விளிம்பில் அடுப்புப் போடும் ஆசையை விட்டுவிட்டுத் தோப்புக்குத் தெற்கே, வரப்பு மறைவில் போடுங்கள். சவுக்குச் சருகு கிடக்கும் இடத்திலும், காய்ந்த ஓலை தொங்கும் தென்னைக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

சும்மா வாசிப்பவன் (சனி, மாலை 5.02)

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. கடல்நீரிலேயே சோறு ஆக்கினால் உப்பும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். ஏன் யாரும் செய்வதில்லை?

வத்தைக்காரன் மகன் (சனி, மாலை 5.30)

அப்பா வத்தையில், அதாவது மீன்பிடிப் படகில், அதைத்தான் செய்வார். தகரப் பெட்டியில் மணல் நிரப்பி, அதன்மேல் அடுப்பு. நாலில் ஒரு பங்கு கடல்நீர், மூன்று பங்கு கேன் தண்ணீர். நடுக்கடலில் மட்டும்தான், கரையோரத்துத் தண்ணீரைத் தொடமாட்டார்.

உப்புக்கணக்கு (சனி, இரவு 7.10)

உங்கள் அப்பாவின் நாக்கு சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. லாத்தாவின் ஆறு டம்ளரை 1.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் சோற்றுக்குத் தேவை சுமார் 12 கிராம். நாலில் ஒரு பங்கு, அதாவது 300 மில்லி கடல்நீர் தருவது பத்தரை கிராம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு பாக் விரிகுடாவில் உப்பு சற்றுக் குறைந்தே இருக்கும், அப்போது ஒரு சிட்டிகை சேர்க்கலாம். முழுவதும் கடல்நீரில் ஆக்கினால் தேவைக்கு மூன்றரை மடங்கு உப்பு, நாய்கூட முகராது. கரையோர நீரில் ஊர்ச் சாக்கடையும் படகு டீசலும் கலந்திருக்கும் என்பதால் நீங்கள் முயல வேண்டாம்.

கரிமூட்டம் (சனி, இரவு 7.25)

வாலிநோக்கத்தில் அரசாங்கமே உப்பளம் நடத்துகிற மாவட்டத்துக்கு வந்து, இரண்டு கரண்டி உப்பை மிச்சம் பிடிக்க இத்தனை கணக்கா?

ஆமைக்காவல் (ஞாயிறு, காலை 8.00)

உங்கள் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு மன்னிக்கவும். தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. மாலையில் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடாரம், தீ எதுவும் நடக்காது. அந்த மணல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடும் இடம். தை தொடங்கிப் பங்குனி வரை இரவில்தான் கரையேறும். தீயோ விளக்கோ தெரிந்தால் தாய் ஆமை முட்டையிடாமலேயே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நகரும். நாங்கள் விடியலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்து வனத்துறையின் பொரிப்பகத்தில் சேர்க்கிறோம். அந்த மணலில் ஓர் அடுப்புக் குழியைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரியும். படகுக்காரர் யாராவது தீவுக்கு அழைத்துப்போய்ச் சமைக்கலாம் என்று ஆசை காட்டினாலும் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. அனுமதியின்றிக் கால் வைக்கவே கூடாது.

தோப்பில் சமைப்பதில் எனக்குத் தடையில்லை, ஆனால் தீயை எப்படி அணைப்பது என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை. கங்கின் மேல் மணலைத் தள்ளிவிட்டுப் போவது எல்லாருக்கும் பழக்கம். மணலுக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், மேலே பார்த்தால் வெறும் மணல். சென்ற ஆண்டு மீனவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி காலையில் அப்படியோர் இடத்தில் வெறுங்காலோடு ஓடிவந்து மிதித்தாள். இரண்டு மாதம் பள்ளிக்குப் போகவில்லை. தண்ணீர் ஊற்றுங்கள், கம்பால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். கையை வைத்துப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டும் மூடுங்கள்.

கரிமூட்டம் (ஞாயிறு, காலை 8.40)

நான் எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். கரிமூட்டத்திலும் அணைந்தது என்று நினைத்துத் திறந்து சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. இவர் சொல்வதைக் கேளுங்கள்.

மூன்றாம் கியர் (ஞாயிறு, காலை 9.15)

திட்டத்தை மாற்றிவிட்டோம். தனுஷ்கோடி பகலில் மட்டும், இரண்டாம் இரவு ராமேசுவரத்தில் விடுதி. சமையல் அரியமான் தோப்பில் ஒரே ஒருமுறை. விறகு, கேன் தண்ணீர், சாக்கு, முண்டு மிளகாய் எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. தாம்பாளமும்தான்.

மூன்றாம் கியர் (பதினாறு நாள் கழித்து, செவ்வாய், இரவு 8.30)

போய்வந்தோம். கடன்பட்டவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் அல்லவா?

தேவிபட்டினத்திலிருந்து வாடை முகத்திலும் தோளிலுமாக அறைந்துகொண்டே வந்தது. தோப்பை அடைந்தபோது மணி நான்கரை. இறாலுக்கு ஆசைப்பட்டு இரண்டு இடத்தில் கேட்டோம், காலையிலேயே விற்றுத் தீர்ந்திருந்தது. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய் நின்றோம். சும்மா நிற்கவிடவில்லை, கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் இழுத்தோம். வலையில் முக்கால்வாசி காரல், கொஞ்சம் சூடை, எங்கள் நல்லகாலத்துக்கு ஏழு நகரை. பெரியவர் ஒருவர் ஏழையும் எங்களிடமே கொடுத்துவிட்டு, வற்புறுத்தியும் நூறு ரூபாய்க்குமேல் வாங்கவில்லை. காரலையும் ஒரு கை அள்ளிப் போட்டார், 'பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொண்டு போங்கள், சொதி வைக்கலாம்' என்றார். எங்களில் ஒருவருக்கும் இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொண்டோம்.

வரப்பு மறைவில் வாய்க்கால், இருபுறமும் செங்கல், சுற்றிலும் ஈரச் சாக்கு. சிரட்டை ஒரே தீக்குச்சியில் பிடித்தது. முக்கால் மணி என்றீர்கள், ஐம்பது நிமிடம் ஆனது. பசியில் இரண்டு பேர் சட்டியை ஏற்றச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள், நான் கையை நீட்டி எண்ணிக்கொண்டே இருந்தேன். தேங்காய்ப்பால் பிழிந்ததில் மட்டும் கோட்டைவிட்டோம். இரண்டாம் பால் மூன்றரை டம்ளர்தான் தேறியது, மீதிக்குத் தண்ணீர் ஊற்றினோம். ரம்பை கிடைக்கவில்லை. மீனை மேலே அடுக்கி இலையால் மூடியபோது காற்று சட்டென்று நின்றுவிட்டது, தாம்பாளத்தில் வைத்த கங்கு அசையாமல் சிவந்திருந்தது. பதினைந்தாவது நிமிடம் திறந்தோம். நகரை தோலோடு இளஞ்சிவப்பாக, விரல் வைத்தால் சதை கழன்றுவரும் பதத்தில் இருந்தது. மணல் ஒரு பருக்கைகூட இல்லை. காரம் தாங்காதவன்தான் கடைசியில் பொரித்த முண்டு மிளகாயை ஒவ்வொன்றாக நொறுக்கித் தின்றான். என்ன சொல்ல.

நான்கு குடம் தண்ணீர் ஊற்றி அணைத்தோம், ஆமைக்காவல் அவர்களே. கையை வைத்துப் பார்த்த பிறகே மூடினோம்.

கீழக்கரை மருமகள் (செவ்வாய், இரவு 8.52)

ஐந்து டம்ளர் என்று சொல்லியும் மூன்றரையா? தேங்காயை வெந்நீரில் நனைக்காமல் பிழிந்திருப்பீர்கள். காரலை என்ன செய்தீர்கள்?

மூன்றாம் கியர் (செவ்வாய், இரவு 8.55)

தோப்புக் காவலாளி வீட்டில் கைக்குழந்தை இருந்தது லாத்தா. கொடுத்துவிட்டோம். மறுநாள் காலையில் எங்களுக்கும் ஒரு டம்ளர் சொதி வந்தது.

கரிமூட்டம் (செவ்வாய், இரவு 9.20)

எல்லாம் சரி. அடிப்பிடித்ததா இல்லையா? அதை மட்டும் மறைக்கிறீர்கள்.

மூன்றாம் கியர் (செவ்வாய், இரவு 9.24)

பிடித்தது அண்ணே. விரல் கனத்துக்குப் பொன்னிறக் காந்தல். அதைச் சுரண்டுவதில்தான் இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள்.